அப்பா எழுதியது ஜப்பானியம், மகள் எழுதியது ஆங்கிலம்... முள்வேலிக்குள் பிறந்த கவிதைகள்!

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டான்ஃபோரன் என்று ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்தது. 1942-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் அங்கே பந்தயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால், பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையில் தூக்க முடிந்த அளவுக்கு மூட்டை முடிச்சு. சட்டையில் தொங்கும் ஓர் அட்டை, அதில் குடும்பத்துக்கான எண். வயதானவர்கள், கர்ப்பிணிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என யாருக்கும் விலக்கு இல்லை.

அவர்களில் பலருக்கு ஒதுக்கப்பட்ட 'வீடு', சில மாதங்களுக்கு முன்பு வரை குதிரைகள் நின்ற லாயம். சுவரில் ஒட்டியிருந்த குதிரை முடியையும் சிலந்தி வலையையும்கூடச் சுரண்டாமல் அப்படியே வெள்ளையடித்திருந்தார்கள். தரையில் ஒரு விரிப்பு. வெயில் ஏற ஏற, விரிப்புக்குக் கீழே இருந்து லாயத்தின் வாடை கிளம்பி வரும்.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் ஓர் இளம் தாய், டோயோ சுயெமோட்டோ. வயது 26. பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் கலிஃபோர்னியாவில். பெர்க்லி பல்கலைக்கழகப் பட்டதாரி. போருக்கு முன்பே அவருடைய ஆங்கிலக் கவிதைகள் பத்திரிகைகளில் வெளியாகியிருந்தன. இடுப்பில் கைக்குழந்தை, பெயர் கே. நாட்டுக்கு எதிராக அந்தத் தாயும் பிள்ளையும் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய முன்னோர் ஜப்பானியர். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் இருந்த பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. அதற்குப் பிறகு சுமார் இரண்டரை மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் எண் 9066. ராணுவம் குறிப்பிடும் பகுதிகளிலிருந்து யாரை வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்பதுதான் அதன் சாரம். 'ஜப்பானியர்' என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால், மேற்குக் கடற்கரையிலிருந்து மொத்தமாக வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். சுமார் 1,20,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள்.

தெருமுனைகளில் ஒட்டப்பட்ட அறிவிப்பில், ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும் கிளம்ப வேண்டும் என்று இருந்தது. 'அந்நியரும் அந்நியரல்லாதவரும்' என்று இரண்டு வகையாகப் பிரித்திருந்தார்கள். அந்நியர் அல்லாதவர் என்றால் யார்? குடிமக்கள்தான். குடிமக்களை அடைக்கிறோம் என்று எழுதக் கை கூசியதோ என்னவோ, இப்படி ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தச் சொல் விளையாட்டு அதோடு நிற்கவில்லை. வெளியேற்றத்தை 'அப்புறப்படுத்தல்' என்றார்கள், வெள்ளம் வந்தால் மக்களை அப்புறப்படுத்துவதுபோல. குதிரை லாயத்துக்குப் பெயர் 'கூடுமிடம்'. பாலைவனத்து முகாமுக்குப் பெயர் 'மறுகுடியமர்வு மையம்'. சியாட்டில் நகரத்து மக்களை அடைத்து வைத்த புயாலப் பொருட்காட்சி மைதானத்துக்கு வைத்த பெயர்தான் உச்சம்: 'கேம்ப் ஹார்மனி'. நல்லிணக்க முகாமாம்! சுற்றிலும் முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்று சொல்லப்பட்டது. அப்படியானால் துப்பாக்கி ஏன் உள்பக்கம் பார்த்து நிற்கிறது என்ற கேள்வியை, முகாமில் இருந்தவர்கள் பிறகு ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கம் சொற்களை இப்படி மூடி மூடிப் பயன்படுத்திய காலத்தில், உள்ளே இருந்த சிலர் அதே விஷயங்களை உள்ளபடி எழுதினார்கள். தூசியைத் தூசி என்றார்கள். வேலியை வேலி என்றார்கள். அதில் நிறைய கவிதையாக வந்தது.

சாம்பல் நிறத்து மண்ணில் ஒரு பத்திரிகை

டான்ஃபோரனில் சில மாதங்கள் இருந்த பிறகு சுயெமோட்டோவின் குடும்பம் ரயிலேற்றப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் இருந்த டோபாஸ். பெயரென்னவோ புஷ்பராகக் கல்லின் பெயர். உள்ளே மின்னியது உப்பு பூத்த மண் மட்டும். தார் அட்டை போர்த்திய நீளமான பலகைக் கொட்டகைகள். அதில் தடுப்பு வைத்து, குடும்பத்துக்கு ஓர் அறை. அறைக்கு ஒரு பல்பு, ஓர் அடுப்பு, ராணுவக் கட்டில்கள். சாப்பாட்டுக்கும் வரிசை, கழிப்பறைக்கும் வரிசை. காற்று அடித்தால் பலகை இடுக்கு வழியே மாவு போன்ற தூசி உள்ளே வந்து, தட்டிலும் படுக்கையிலும் குழந்தையின் மூக்கிலும் படியும்.

8,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த அந்த இடத்தில் ஒரு நூலகம் தொடங்கினார்கள். சுயெமோட்டோ அங்கே வேலை பார்த்தார், பாடமும் நடத்தினார். 'ட்ரெக்' என்று ஓர் இலக்கிய இதழும் வந்தது. 1942 டிசம்பரில் முதல் இதழ். ஓவியர் மினே ஒகுபோ அட்டைப்படம் வரைந்தார். சுயெமோட்டோவின் கவிதைகள் அதில் வெளிவந்தன.

அவற்றில் கோபம் கொப்பளிக்காது. எதுகை, சந்தம் எல்லாம் சுத்தமாக இருக்கும். விதை, வேர், பருவம், வறண்ட நிலம் என்று எழுதுவார். பல்கலைக்கழகத்தில் படித்த ஆங்கில மரபுக் கவிதையின் ஒழுங்கு அப்படியே இருக்கும். இன்று வாசிக்கிற சிலருக்கு, இவ்வளவு பெரிய அநியாயத்தில் இவ்வளவு அடக்கமா என்று தோன்றலாம். ஆனால், அந்த இதழ் முகாம் நிர்வாகத்தின் பார்வைக்குப் போய்த்தான் வெளியே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. உப்பு மண்ணில் எதுவும் முளைக்காது என்று ஒருவர் எழுதினால், அது விவசாயக் குறிப்பாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். நிர்வாகி ஒன்றைப் படிப்பார். பக்கத்துக் கொட்டகைக்காரர் இன்னொன்றைப் படிப்பார்.

அடக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1943 ஏப்ரல் 11 அன்று, ஜேம்ஸ் வகாசா என்ற 63 வயது முதியவர் டோபாஸ் முகாமின் வேலி அருகே நடந்துகொண்டிருந்தபோது காவல் கோபுரத்திலிருந்து சுடப்பட்டு இறந்தார். அந்த வேலிக்குள் இருந்துகொண்டுதான் எல்லோரும் எழுதினார்கள்.

குழந்தை கே ஆஸ்துமாவால் அவதிப்பட்டான். போர் முடிந்தது, முகாமை மூடினார்கள், அம்மாவும் மகனும் ஒஹையோ மாநிலத்துக்குப் போனார்கள். நோய் மட்டும் அவனை விடவில்லை. 1958-ல், 16 வயதில் கே இறந்துபோனான். சுயெமோட்டோ ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நூலகராகப் பல காலம் வேலை செய்தார். முகாம் நாள்களைப் பற்றிய தன் நினைவுகளைப் பின்னாளில் எழுதினார். 2003-ல் அவர் மறைந்த பிறகு, 2007-ல்தான் அது புத்தகமாக வந்தது.

ஓய்வே அறியாதவர்களுக்குக் கிடைத்த ஓய்வு

சுயெமோட்டோ இரண்டாம் தலைமுறை. 'நிஸெய்' என்பார்கள். அமெரிக்காவில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர்கள். அவர்களுடைய பெற்றோர் 'இஸ்ஸெய்', அதாவது ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறை. பழத்தோட்டத்தில் கூலி, ரயில் பாதையில் கூலி, பிறகு கொஞ்சம் நிலம், ஒரு சலவைக்கடை, ஒரு மளிகைக்கடை என்று மேலே வந்தவர்கள். எத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தாலும் அவர்கள் குடியுரிமை பெறச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1952-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

விடிந்தால் வேலை, அடைந்தால் தூக்கம் என்று இருந்த இந்த மனிதர்களுக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக நிறைய நேரம் கிடைத்தது முகாமில்தான். கொடுமையான நேரம், ஆனாலும் நேரம். முகாமுக்குள் வேலை பார்த்தால் மாதம் 12, 16, அதிகபட்சம் 19 டாலர். டாக்டருக்கும் அந்த 19 டாலர்தான். மற்ற நேரத்தில் என்ன செய்வது? மரம் செதுக்கினார்கள், காகிதப்பூ செய்தார்கள், பாலைவனத்தில் கல் அடுக்கித் தோட்டம் போட்டார்கள். கவிதைச் சங்கம் வைத்தார்கள்.

ஹைக்கூ நமக்குப் புதிதல்ல. 1916-லேயே பாரதி 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். ஹைக்கூ 17 அசை. அதே அளவில் மனிதர்களின் அசட்டுத்தனத்தையும் அன்றாடத்தையும் கிண்டலாகச் சொன்னால் சென்ரியு. 31 அசையில் கொஞ்சம் நீட்டி, மனசைத் திறந்து சொன்னால் தன்கா. முகாம் வாழ்க்கைக்கு இந்த வடிவங்கள் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. நாவல் எழுத மேசை வேண்டும், தனிமை வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர் இருக்கும்போது அதெல்லாம் நடக்காது. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே ஒரு சென்ரியுவை மனதுக்குள் செய்து முடித்துவிடலாம். மறந்துவிடாமல் மாலையில் சங்கத்தில் சொல்லலாம். நான்கு பேர் சிரிப்பார்கள். ஒருவர் ஒரு சொல்லை மாற்றச் சொல்வார்.

போஸ்டன் என்ற அரிசோனா முகாமிலும், வயோமிங்கில் இருந்த ஹார்ட் மவுன்ட்டன் முகாமிலும், டூலி லேக்கிலும் ஜப்பானிய மொழியில் இலக்கிய இதழ்களே நடந்தன. டூலி லேக் இதழின் பெயர் 'டெஸ்ஸாக்கு'. இரும்பு வேலி என்று பொருள். 'மறுகுடியமர்வு மையம்' என்றெல்லாம் சுற்றி வளைக்காத தலைப்பு.

ஹவாயில் கதை வேறு. அங்கே ஜப்பானியர்கள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அத்தனை பேரையும் அடைத்தால் தீவில் வேலை செய்ய ஆள் இருக்காது. அதனால் பத்திரிகை ஆசிரியர், பள்ளி ஆசிரியர், பூசாரி, மருத்துவர் என்று ஊரில் செல்வாக்கு உள்ளவர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள். 'நிப்பு ஜிஜி' நாளிதழின் ஆசிரியர் யசுதாரோ சோகா, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அன்று இரவே கைதானார். வயது 68. அடுத்த நான்கு வருடங்களும் முகாம் மாற்றி முகாம். நியூ மெக்ஸிகோ பாலைவனம் வரை கொண்டுபோனார்கள். கெய்ஹோ என்ற புனைபெயரில் அவர் தன்கா எழுதினார். அவரைப்போல சிறையில் இருந்த ஹவாய்க் கவிஞர்கள் நால்வரின் தன்காக்கள், ஜீரோ நகானோ, கே நகானோ இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில், 1983-ல் ஒரு சிறு தொகுப்பாக வெளிவந்தன.

1983! எழுதி நாற்பது வருடம் கழித்து. அதுவரை பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கவிதைகள் இருந்தும் இல்லாததுபோலத்தான். தாத்தாவின் நோட்டுப் புத்தகம் வீட்டில் இருக்கும், வாசிக்கத் தெரியாது.

அதற்கும் போரே காரணம். பேர்ல் ஹார்பர் செய்தி வந்த நாள்களில், மேற்குக் கடற்கரை எங்கும் ஜப்பானியக் குடும்பங்கள் கொல்லைப்புறத்தில் தீ மூட்டின. கடிதம், புகைப்படம், ஜப்பானியப் புத்தகம், நோட்டு என்று சந்தேகம் வரக்கூடிய எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். ராணுவம் நடத்திய 'கூடுமிடங்களில்' பைபிள், பாட்டுப் புத்தகம், அகராதி தவிர ஜப்பானிய அச்சு எதுவும் வைத்திருக்கக் கூடாது என்று தடை இருந்தது. ஜப்பானிய எழுத்தே குற்றத்தின் அடையாளம் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள், தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கத் தயங்கியதில் ஆச்சர்யம் என்ன?

இரண்டு மொழி, ஒரே குடும்பம்

சியாட்டிலில் ஜாக் யசுடகே என்று ஒருவர் இருந்தார். அமெரிக்கக் குடிவரவுத் துறையில் பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளர், அதாவது அரசாங்க ஊழியர். ஓய்வு நேரத்தில் சென்ரியு எழுதுவார். ஊரில் ஒரு சென்ரியு சங்கத்தைத் தொடங்கித் தலைவராகவும் இருந்தார். போர் வந்ததும் எஃப்.பி.ஐ. அவரை உளவாளி என்று சந்தேகித்துக் கைது செய்தது. அரசாங்கத்துக்காக ஜப்பானியத்தை ஆங்கிலமாக்கிக் கொடுத்த அதே மனிதரை, ஜப்பானியம் தெரிந்த காரணத்துக்காகவே சந்தேகித்தார்கள்.

அவருடைய மகள் மிட்சுயே. அப்போது 18 வயது. அப்பா ஒரு சிறையில் இருக்க, அம்மா, சகோதரர்களோடு முதலில் அந்த 'நல்லிணக்க' மைதானத்துக்கும் பிறகு ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கும் போனார். அப்பா ஜப்பானியத்தில் எழுதியவர், மகள் ஆங்கிலத்தில் எழுதினார். சின்னச் சின்ன வரிகள், அலங்காரம் இல்லாத பேச்சு. கவிதையா குறிப்பா என்று பிரிக்க முடியாது. அரசாங்கச் சொல் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். வாசிப்பவருக்குச் சிரிப்பு வரும், உடனே தொண்டை அடைக்கும். அப்பாவின் சென்ரியுவில் இருக்கும் கிண்டல் வேறு மொழியில் மகளிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஜப்பான் பேரரசருக்கு விசுவாசம் இல்லை என்று உறுதி சொன்ன பிறகு, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக மிட்சுயேவை வெளியே விட்டார்கள். இதில் ஒரு முரண் உண்டு. பெற்றோர் ஜப்பானுக்குப் போயிருந்தபோது ஃபுகுவோகாவில் பிறந்தவர் என்பதால், சியாட்டிலில் வளர்ந்த இந்தப் பெண் சட்டப்படி அமெரிக்கர் இல்லை. 1955-ல்தான் குடியுரிமை கிடைத்தது.

பிறகு கல்யாணம், குழந்தைகள், ஆசிரியர் வேலை. கவிதைகளை அவர் யாரிடமும் காட்டவில்லை. 1976-ல், கலிஃபோர்னியாவில் பெண்கள் நடத்திய ஒரு சிறு பதிப்பகம் அவற்றை 'கேம்ப் நோட்ஸ்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தது. மிட்சுயே யமடா என்ற பெயர் அப்போதுதான் வாசகர்களுக்குத் தெரிந்தது. 19 வயதுப் பெண் எழுதியதை 50 வயதைத் தாண்டிய பெண் வெளியிட்டார்.

அந்த முப்பது வருட இடைவெளி அவருக்கு மட்டும் உரியதில்லை. ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் அப்படித்தான். பெரியவர்கள் பேச்சுவாக்கில் 'கேம்ப்புக்கு முன்னாடி', 'கேம்ப்புக்குப் பின்னாடி' என்பார்கள். பிள்ளைகள் அதை ஏதோ கோடைக்கால முகாம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடைக்கப்பட்டவர்களுக்குத்தான் வெட்கம் இருந்தது. அடைத்தவர்களுக்கு இல்லை.

ஜானிஸ் மிரிகிட்டானி 1941-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக ஆர்கன்ஸா மாநிலத்து ரோவர் முகாமில் அடைக்கப்பட்டவர். அவருடைய அம்மா நாற்பது வருடம் வாய் திறக்கவில்லை. 1980-ல் அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையம் அமைத்து, 1981-ல் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது. 750 பேருக்கு மேல் பேசினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கு. அந்த அம்மாவும் எழுந்து பேசினார். மகள் அதை வைத்தே ஒரு கவிதை எழுதினார். தான் எழுதியதற்கு நடுவே அம்மாவின் சாட்சியத்தை வைத்துக் கட்டிய கவிதை அது. நாற்பது வருட மௌனத்துக்கு ஐந்து நிமிடம்தானா என்ற கேள்வி வாசிக்கிறவர் மனதில் தானாக எழும். மிரிகிட்டானி பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் அரசவைக் கவிஞராக ஆனார்.

அந்தச் சாட்சியங்களின் விளைவாக 1988 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்க அரசு சட்டப்படி மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. முதல் தலைமுறையில் பெரும்பாலானோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

காணாமல்போன பையனும் கல்லில் எழுதிய வரிகளும்

லாசன் ஃபுசாவோ இனாடாவுக்கு முகாம் போகும்போது நான்கு வயது. ஃப்ரெஸ்னோ நகரத்தில் அவருடைய தாய்வழித் தாத்தா பாட்டிக்கு மீன்கடை இருந்தது. ஃப்ரெஸ்னோ பொருட்காட்சி மைதானம், ஆர்கன்ஸாவின் ஜெரோம், கொலராடோவின் அமாச்சி என்று மூன்று இடங்களில் அவருடைய பால்யம் கழிந்தது. வளர்ந்ததும் ஜாஸ் பைத்தியம். கவிதையிலும் அந்தத் தாளம் துள்ளும். 1971-ல் வந்த அவருடைய தொகுப்பு, ஆசிய அமெரிக்கர் ஒருவர் எழுதி நியூயார்க்கின் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்ட முதல் கவிதைப் புத்தகம் என்று சொல்லப்படுகிறது.

1992-ல் வந்த 'லெஜெண்ட்ஸ் ஃப்ரம் கேம்ப்' தொகுப்பில் ஒரு சிறுவன் வருகிறான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிப்போய், ஒன்றுபோலவே இருக்கும் கொட்டகைகளுக்கு நடுவே வழி தவறிவிடுகிறான். அன்றிலிருந்து முகாமில் அவனுக்குப் பெயரே 'காணாமல்போன பையன்'. குழந்தைக்குச் சொல்லும் கதைபோல விளையாட்டாகத்தான் இனாடா சொல்கிறார். கதை முடிந்த பிறகுதான், அவன் மட்டுமா வழி தவறியவன் என்று தோன்றுகிறது. சுயெமோட்டோவின் அடக்கமும் யமடாவின் கிண்டலும் ஒரு வகை என்றால், இது இன்னொரு வகை. சிறுவனாக இருந்தவருக்கு முகாம் ஒரு சிறை மட்டுமல்ல, விளையாடிய இடமும்கூட. அந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுதியதுதான் அவருடைய தைரியம்.

போர்ட்லேண்ட் நகரத்தில், வில்லமெட் ஆற்றங்கரையில், 1990-ல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். செர்ரி மரங்கள், நடுவே பெரிய பெரிய கற்கள். கற்களில் இனாடாவின் வரிகளோடு இன்னும் சிலருடைய கவிதைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் ஒருவர் ஷிஸுவே இவட்சுகி. ஹூட் ரிவர் பள்ளத்தாக்கின் பழத்தோட்டப் பெண்மணி, முதல் தலைமுறை, ஜப்பானியத்தில் தன்கா எழுதியவர்.

ஹூட் ரிவர் பெயரைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரில் சேர்ந்த உள்ளூர் இளைஞர்களின் பெயர்களை ஊரில் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். 1944 நவம்பரில், முன்னாள் படைவீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளை அதிலிருந்து 16 பெயர்களை அழித்தது. 16-ம் ஜப்பானிய அமெரிக்க வீரர்களுடையவை. நாடு முழுக்கக் கண்டனம் வந்த பிறகே பெயர்களைத் திரும்ப எழுதினார்கள். அப்படிப்பட்ட ஊருக்குத்தான் இவட்சுகி திரும்பிப்போனார். தொடர்ந்து எழுதினார். 1974-ல் ஜப்பான் அரண்மனையின் புத்தாண்டுக் கவிதைப் போட்டியில் அவருடைய கவிதை தேர்வானது.

மே மாத வானம்

ஃப்ரெஸ்னோவில் இன்னொருவரும் இருந்தார். பெயர் கஸுவே. ஹவாயில் பிறந்து, ஹிரோஷிமாவில் சில வருடம் படித்துத் திரும்பியவர். கணவரோடு சேர்ந்து ஜப்பானியப் புத்தகக் கடை நடத்தினார். இருவரும் உள்ளூர் ஹைக்கூ சங்கத்தில் உறுப்பினர்கள். அந்தச் சங்கத்தின் பாணி 'கைகோ'. 17 அசைக் கணக்கு கிடையாது, பருவத்தைக் குறிக்கும் சொல் கட்டாயம் இல்லை. மனதில் தோன்றியதைத் தோன்றிய நீளத்தில் சொல்லலாம்.

போர் வந்தது. கடை போயிற்று, புத்தகங்கள் போயின. அவருடைய மூன்றாவது குழந்தை ஃப்ரெஸ்னோ மைதானத்து முகாமில் பிறந்தது. அங்கிருந்து ஜெரோம், பிறகு டூலி லேக். 1943-ல் முகாம்களில் ஒரு விசுவாசப் படிவம் கொடுத்தார்கள். ராணுவத்தில் சேரத் தயாரா, பேரரசருக்கு விசுவாசத்தைத் துறக்கிறாயா என்று இரண்டு கேள்விகள். அமெரிக்கக் குடியுரிமையும் தரமாட்டோம், இருக்கிற நாட்டையும் துற என்றால் முதல் தலைமுறை மனிதர் என்ன பதில் எழுதுவார்? 'இல்லை' என்று எழுதியவர்களையும், எழுத மறுத்தவர்களையும் குடும்பத்தோடு கொண்டுபோய் அடைத்த இடம்தான் டூலி லேக். 18,000-க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்த முகாம்.

அங்கே கஸுவேயின் சகோதரரைத் தனிச் சிறைக் கொட்டடியில் போட்டார்கள். கணவரை நியூ மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று குழந்தைகளோடு அவர் தனியாக இருந்தார். அந்த நாள்களில் எழுதிய ஹைக்கூக்கள் எண்ணிக்கையில் நிறைய. 1946-ல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். அங்கே போனால், ஹிரோஷிமாவில் அம்மா அணுகுண்டில் வெந்த உடம்போடு இருந்தார். திருமணம் முறிந்தது. பிறகு ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியை மணந்து கலிஃபோர்னியாவுக்கே திரும்பினார். வயலட் கஸுவே டி கிறிஸ்டோஃபோரோ என்ற பெயரில்தான் இன்று அவரை அறிகிறார்கள்.

இத்தனை இடமாற்றத்தில் அவருடைய கவிதைகளில் பெரும்பகுதி தொலைந்துபோனது. அதன்பிறகு அவர் செய்ததுதான் ஆச்சர்யம். தன் கவிதைகள் போனாலும் மற்றவர்களுடையதையாவது காப்பாற்றலாம் என்று, பழைய சங்கத்து நண்பர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தேடிப்போய், எந்தெந்த முகாமிலோ எழுதப்பட்ட கைகோ ஹைக்கூக்களைச் சேகரித்தார். எழுதியவர் யார், எந்த முகாம், என்ன ஆனார் என்று குறிப்பெடுத்தார். ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பக்கத்திலேயே ஜப்பானிய மூலத்தையும் வைத்தார். வருடக்கணக்கில் நடந்த வேலை. 1997-ல், 80 வயதில், 'மே ஸ்கை' என்ற தொகுப்பாக வெளிவந்தது. மே மாத வானம். தோட்டக்காரர், கடைக்காரர், இல்லத்தரசி என்று, வேறு எங்கும் பெயர் பதிவாகாத மனிதர்களின் வரிகள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. ஜப்பானியம் வாசிக்கத் தெரியாத பேரன் பேத்திகள் வலப்பக்கம் இடப்பக்கம் மாற்றி மாற்றிப் பார்த்து, தாத்தா எழுதியது இதுதானா என்று கண்டுகொள்ள முடிந்தது.

2007 செப்டம்பரில், மரபுக் கலைகளுக்கான அமெரிக்காவின் மிக உயர்ந்த கௌரவத்தை அவருக்கு வாஷிங்டனில் வழங்கினார்கள். அப்போது அவருக்கு 90 வயது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரத்தில் அவர் காலமானார். டூலி லேக்கில் அவர் எழுதித் தொலைத்த ஹைக்கூக்களில் பெரும்பாலானவை கடைசிவரை திரும்பக் கிடைக்கவே இல்லை.